பகைவன் வேடம் கட்டும் பிள்ளை

சென்ற கோடையில் ஒரு மாலைப்பொழுது. சங்கத்தின் ஆண்டுச் சந்தாவைத் திரட்டும் பொருட்டுக் கொழிஞ்சாம்பாறையைக் கடந்து, வேலந்தாவளம் செல்லும் சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நமது உறுப்பினர் ஒருவரின் இல்லம் அங்கே உள்ளது. குடும்பத் தலைவர் தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவர். தலைவியார் வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் வைத்து நாலு காசு சேர்ப்பவர். வாயிற்படியில் கால் வைக்கும்போதே உள்ளே வாக்குவாதம் நடப்பது செவியில் விழுந்தது. திரும்பிவிடலாமா என்று தயங்கினேன். அதற்குள் அம்மையார் என்னைக் கண்டுவிட்டார்.

"வாங்கண்ணா, நல்ல சமயத்தில் வந்தீங்க. இவன் செய்யப் போகிற காரியத்தை நீங்களே கேளுங்க" என்றார்.

காரியம் இதுதான். பதினாறு வயது நிரம்பிய அவருடைய மகனும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவன் மாமன் மகனும், ஊர்த் தோழர் சிலரும் கூடி, கைப்பேசியைக் கொண்டே பதினைந்து நிமிட நாடகம் ஒன்றைப் படமாக எடுக்கத் திட்டமிட்டிருக்கின்றனர். கதை, அவர்கள் ஓயாது ஆடும் விடியோ விளையாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. மாமன் மகன் நாயகன். இவன் வில்லன். சிவந்த தலைமயிர், கழுத்தில் பெரிய மணிமாலை, கிழிந்த கறுப்பு அங்கி, கனல் கக்கும் கண்கள் ஆகிய இவையெல்லாம் அந்த வில்லனின் கோலமாம். அங்கியைத் தைத்துத் தருமாறு தாயைக் கேட்டிருக்கிறான். அதிலிருந்து மூண்டது வாக்குவாதம்.

"ஆட்டம் பாட்டம் எதையும் நான் வேண்டாமென்று சொல்லவில்லை, அண்ணா. ஆனால் பள்ளிக்கூடத்தில் இவனைப் பாண்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். சினிமாவில் பாருங்கள், பிள்ளை பிடிக்கிறவன், பிக்பாக்கெட்காரன், வட்டிக்குக் கொடுத்துக் கழுத்தை அறுக்கிறவன், எல்லாரும் தமிழ்தான் பேசுகிறான். போதாக்குறைக்கு இவனே போய் வில்லன் வேடம் கட்ட வேண்டுமா? நாளைக்கு அந்தப் பேரே ஒட்டிக்கொண்டால்?"

இவ்வளவு சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பையன் தலை குனிந்து நின்றான். "வில்லன் இல்லாமல் சண்டை எப்படியம்மா நடக்கும்? யாராவது ஒருத்தன் நிற்கத்தானே வேண்டும்?" என்று மெல்லக் கேட்டான்.

தாயின் கேள்வியும் நியாயம்; மகனின் கேள்வியும் நியாயம். எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. காப்பியை அருந்திவிட்டு, "அடுத்த வாரம் வருகிறேன், அம்மணி, அதுவரை துணியை வெட்டவும் வேண்டாம், வேண்டாமென்று முடிவு சொல்லவும் வேண்டாம்" என்று கூறி விடைபெற்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறேன். இத்தகைய வழக்கு வேறு பல இல்லங்களிலும் எழக்கூடும் அன்றோ?

நிழலுக்கு உடல் கொடுத்தவர்கள்

முதலில் அந்த விளையாட்டு இன்னதென்று அறிந்துகொள்வோம். ஜப்பான் நாட்டைச் சேர்ந்த காப்காம் என்னும் நிறுவனம் 1987ஆம் ஆண்டில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. 1991இல் வந்த அதன் இரண்டாம் பாகமே உலகெங்கும் இளைஞரை ஆட்கொண்டது. திரையில் இருவர் எதிரெதிராக நிற்பர். இருவரும் பக்கவாட்டுத் தோற்றத்திலேயே காட்சி தருவர். முன்னே செல்லலாம், பின்னே செல்லலாம், எழும்பிக் குதிக்கலாம், அடிக்கலாம், தடுக்கலாம். தலைக்கு மேலே தெரியும் பட்டை, அவரவர்க்கு எஞ்சியுள்ள வலிமையைக் காட்டும். பல வீரரை வென்றபின் இறுதியில் எதிர்ப்படுபவனே பெரும்பகைவன். நம் பிள்ளை கட்ட விரும்பிய வேடம் அகுமா என்பவனுடையது; ஜப்பானியர் அவனைக் கோகி என்பர். 1994இல் வந்த பதிப்பு ஒன்றில், எளிதில் எவர் கண்ணுக்கும் படாமல் மறைந்திருந்து திடீரென்று தோன்றும் பகைவனாக அவனைப் படைத்தனர்.

இத்தகைய நிழலுருவங்களுக்கு மனித உடல் கொடுக்க முயன்றோர் பலர். 1994 டிசம்பரில் இவ்விளையாட்டு ஹாலிவுட்டில் திரைப்படமாக வெளிவந்தது. அதில் பைசன் என்னும் கொடுங்கோலனாக நடித்தவர் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ராவுல் ஜூலியா. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்ற அவர், இத்தகைய படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டது ஏன்? அவருடைய பிள்ளைகள் அவ்விளையாட்டில் பற்றுக் கொண்டவர்கள். அவர்கள் மகிழ வேண்டும் என்றே அவ்வேடத்தை ஏற்றார். அப்போது அவர் புற்றுநோயால் உடல் மெலிந்திருந்தார். படம் வெளிவருவதற்கு இரண்டு திங்களுக்கு முன்பே, அக்டோபர் 24ஆம் நாள், தம் 54ஆம் வயதில் காலமானார். படத்தைக் குறை கூறியவர்களும் அவர் நடிப்பைக் குறை கூறவில்லை. தந்தை ஒருவர் தம் மக்களுக்கு விட்டுச் சென்ற இறுதிப் பரிசு, ஒரு வில்லன் வேடம்!

பெரும் பொருளின்றி ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு இம்முயற்சியில் இறங்கியவர்களும் உண்டு. 2010இல் கெவின் டான்சரோன் என்ற அமெரிக்க இளைஞர், 'மார்ட்டல் காம்பட்' என்னும் மற்றொரு சண்டை விளையாட்டைத் தழுவி எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் எடுத்தார். அதைக் கண்ட பட நிறுவனம், மறு ஆண்டே அவரைக் கொண்டு தொடர் ஒன்றை எடுத்தது. அதே 2010இல் ஜோயி அன்சா என்னும் ஆங்கிலேய நடிகர், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வீரர் இருவரின் சண்டையைச் சில நிமிடக் குறும்படமாக்கினார். அதுவே வித்தாக, காப்காம் நிறுவனத்தின் இசைவோடு 2014இல் 'அசாசின்ஸ் ஃபிஸ்ட்' என்ற தொடர் வெளிவந்தது. அதில் அன்சா தமக்கென வைத்துக்கொண்ட வேடம் எது தெரியுமா? நாயகன் வேடமன்று, அகுமாவின் வேடமே!

அவர் செய்த ஒரு காரியம் நம் கருத்துக்குரியது. விளையாட்டில் அகுமா தோன்றுவான், அடிப்பான், மறைவான், அவ்வளவே. தொடரிலோ அவனுடைய இளமைப்பருவம் விரிவாகக் காட்டப்பட்டது. ஆசானிடம் கலை பயின்ற மாணவன் ஒருவன், ஆற்றலின்மேல் கொண்ட அளவிறந்த வேட்கையால், விலக்கப்பட்ட வழியில் அடியெடுத்து வைத்து, மனிதத் தன்மையைப் படிப்படியாக இழப்பதைக் கண்டோம். இளமைக் கோகியாக ஒரு நடிகரும், முற்றிக் கனிந்த கொடியவனாக அன்சாவும் நடித்தனர். நிழல் மனிதனாகும்போது காரணம் கேட்கிறது. 'நீ ஏன் இப்படி ஆனாய்?' என்று கேளாமல் எந்த நடிகனும் வில்லனை மேடையில் நிறுத்த இயலாது.

காவுகளில் ஒலிக்கும் கம்பன்

பக்கவாட்டில் நின்று பொரும் நிழலுருவங்கள் என்றவுடன், பாலக்காட்டு நேயர்கட்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். ஆம், தோற்பாவைக்கூத்தே அது. பாரதப்புழையின் இருமருங்கிலும் உள்ள பகவதி காவுகளில், கூத்துமாடம் என்னும் நிலையான மேடைகளைக் காணலாம். நாற்பத்திரண்டு அடி நீளத் திரை. அதன் பின்னே தேங்காய் மூடிகளில் ஏற்றிய இருபத்தொரு விளக்குகள். விளக்குக்கும் திரைக்கும் இடையே தோலில் செதுக்கிய பாவைகள். நடக்கும் கதை இராமாயணம். பாடும் பாட்டோ நம் கம்பர் பெருமானுடையது. மலையாள நாட்டுக் காவுகளில் தமிழ்ச் செய்யுள் இரவு முழுதும் ஒலிப்பதும், அதனைப் பாடி உரை கூறுவோர் 'புலவர்' என்றே அழைக்கப்படுவதும் நாம் எண்ணி எண்ணிப் பெருமிதம் கொள்ளத்தக்கவை.

இக்கூத்துக்கு ஒரு கதை சொல்வர். இராமன் இராவணனை வதைத்த காலத்தில் பத்திரகாளி தாரிகாசுரனோடு போர் செய்துகொண்டிருந்தாளாம். அதனால் இராவண வதத்தைக் காணும் பேறு அவளுக்கு வாய்க்கவில்லை. அக்குறை தீரவே ஆண்டுதோறும் அவள் சந்நிதியில் இக்கூத்து நடைபெறுகிறது. ஆகவே முதல் இரசிகை தேவியே. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அறிஞர் இக்கூத்தை நேரில் ஆராய்ந்து 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். பல இரவுகளில் திரைக்கு முன்னால் ஒருவர்கூட இல்லாதபோதும் புலவர்கள் பாட்டையும் உரையையும் குறைவின்றி நடத்திச் செல்வதைக் கண்டு அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

கம்பரின் இராவணன் வெறும் அரக்கனல்லன். கயிலையைப் பெயர்த்தவன், இசையில் வல்லவன், படைக்கலம் அனைத்தும் இழந்து வெறுங்கையோடு களத்தில் நின்றபோது, பகைவனே இரங்கி 'இன்று சென்று நாளை வருக' என்னும் பொருள்படக் கூறி அனுப்ப, நாணத்தால் நிலம் நோக்கி நடந்தவன். அந்த நடையைத் தோற்பாவையில் காட்டும் புலவர், அவ்விரவில் தாமே இராவணனாக நின்று பேசியாக வேண்டும். இதனால் அவர் அரக்கராகிவிடுகின்றாரா? ஷொரணூரை அடுத்த கூனத்தறையில் வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலைக்கே தம் வாழ்நாளை ஈந்தார். அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இராவணனுக்கு நாக்கைக் கொடுத்தவர்களை நாடு கௌரவித்தது, பழிக்கவில்லை.

பச்சை முகத்தில் சிவந்த கத்தி

பாவையை விட்டு உயிருள்ள உடலுக்கு வருவோம். பாலக்காட்டைச் சேர்ந்த வெள்ளிநேழி கதகளியின் விளைநிலங்களுள் ஒன்று. கதகளியில் வில்லனுக்குரிய தலைசிறந்த கோலம் 'கத்தி' எனப்படும். இராவணன், துரியோதனன், கீசகன், நரகாசுரன் ஆகியோர் கத்தி வேடத்தினர். இவர்கள் முகத்தின் அடிவண்ணம் யாது? இராமனுக்கும் தருமனுக்கும் தீட்டும் அதே பச்சை! அப்பச்சையின்மேல், கன்னங்களில் மேல்நோக்கி வளைந்த கத்திபோலச் செந்நிறம் தீட்டி, வெண்கரை கட்டி, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெண்ணிற உருண்டைகள் ஒட்டுவர். நற்குடிப் பிறப்பும் கல்வியும் வீரமும் இருந்தும், அவற்றின்மேல் செருக்கு என்னும் சிவப்பு ஏறிவிட்டது என்பது இதன் குறிப்பு. பகைவனும் நம்மைப் போன்ற மூலப்பொருளால் ஆனவனே என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூல் கூறும்?

வேடம் கட்டி முடிக்கப் பல நாழிகை ஆகும். அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்த குழம்பால் சுட்டி குத்தும்போது நடிகர் மல்லாந்து படுத்து அசையாமல் கிடப்பார். பின்னர்ச் சுண்டைப் பூவிலிருந்து எடுத்த சிறு வித்தினைக் கண்ணிமைக்குள் இட்டுக் கண்களைச் செவ்வரி பரப்பச் செய்வர். விளையாட்டு வில்லனின் சிவந்த கண்ணுக்காக இன்றைய இளைஞர் வண்ண வில்லை வாங்க எண்ணுகின்றனர். அக்கண்ணை ஒரு வித்தினால் படைத்த ஊர் இது.

கத்தி வேடம் அரங்கினுள் நுழையும் முறைக்குத் திரைநோட்டம் என்று பெயர். இருவர் பிடித்திருக்கும் திரைச்சீலைக்குப் பின்னால் முதலில் அலறல் கேட்கும். பிறகு சீலையின் மேல்விளிம்பில் விரல் நகங்கள் தெரியும். கிரீடம் தெரியும். சீலை சிறிது சிறிதாகத் தாழ, கண்கள் தெரியும். அந்தச் சில நிமிடத்தில் அடியோ உதையோ ஒன்றும் இல்லை; எனினும் சிறுவர் தாயின் மடியில் முகம் புதைப்பர்.

பாலக்காட்டுக் கல்லேக்குளங்கரையைச் சேர்ந்த இராகவப் பிஷாரடி என்னும் கவிஞர், பதினெட்டாம் நூற்றாண்டில் 'இராவணோத்பவம்' என்ற ஆட்டக்கதையை இயற்றினார். இராவணன் எவ்வாறு இராவணனானான் என்பதே அதன் பொருள். பிள்ளைப் பருவத்தில் அவன் தாய் கைகசியின் மடியில் தலைவைத்து உறங்குகிறான். அவ்வேளை, மாற்றாள் மகனாகிய குபேரன் விமானமேறி வானில் செல்கிறான். அதனைக் கண்ட தாய், தன் மகனுக்கு அவ்வாழ்வு இல்லையே என்று கண்ணீர் உகுக்கிறாள். அத்துளி பட்டு மகன் விழிக்கிறான். தாயின் கண்ணீரைத் துடைக்கத் தவம் மேற்கொள்கிறான். தன் தலைகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தீயிலிடுகிறான். பத்தாம் தலையை அறுக்க முற்படும்போதே பிரமன் தோன்றுகிறான். ஒரு துளிக் கண்ணீரில் தொடங்கியது இலங்கையின் அழிவு! வெள்ளிநேழியில் பிறந்து கத்தி வேடத்தில் பெரும்புகழ் பெற்ற கலாமண்டலம் இராமன்குட்டி நாயர் (1925–2013) இக்கதையில் இராவணனாக ஆடுவதைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டனர். 2007இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

நம் தமிழ்நாட்டுக் கூத்திலும் இதற்கு இணையான ஒழுக்கம் உண்டு. பாரதக் கூத்தில் திரௌபதியின் துகிலுரியும் கட்டம் வரும்போது, துச்சாதனன் வேடம் பூண்டவர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிக்கொள்வார். அதன் பின்னரே சேலையில் கை வைப்பார். 'கதைக்காக இதைச் செய்கிறேன். என் நெஞ்சம் இதில் இல்லை' என்று ஊரறிய உரைக்கும் சடங்கு அது. வேடம் வேறு, ஆள் வேறு என்னும் உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

கொங்கனாக நிற்பது யார்?

இவ்வளவும் எண்ணியபின் நான் இரண்டாம் முறை அவ்வீட்டுக்குச் சென்றேன். எண்ணியவற்றையெல்லாம் அம்மையாரிடம் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இராவணன் தெய்வக் கதை அண்ணா. அதில் வில்லன் வேடம் கட்டினால் புண்ணியம்தான். நான் சொல்வது வேறு. நம் ஆட்களையே வில்லனாகக் காட்டுகிற ஊரில், நம் பிள்ளையே அதைச் செய்யலாமா என்றுதான் கேட்கிறேன்" என்றார்.

நான் வாயடைத்துப்போனேன். அப்போது, மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவருடைய அன்னையார் பேசினார். அவருக்கு எண்பதுக்குமேல் வயதிருக்கும்.

"ஏன், சித்தூரிலே கொங்கன் படை பார்த்ததில்லையா நீ? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தானே கூட்டிப்போனேன்" என்றார்.

நேயர்களுள் அறியாதோர்க்காகச் சொல்கிறேன். சோகநாசினி ஆற்றங்கரையிலுள்ள சித்தூர்ப் பகவதி கோயிலில், கும்ப மாதத்தில் ஆண்டுதோறும் நடைபெறுவது கொங்கன் படை. முன்னொரு காலத்தில் கொங்கு நாட்டு மன்னன் கணவாய் வழியே படையெடுத்து வந்தான் என்றும், பகவதியே களத்தில் இறங்கி ஊரைக் காத்தாள் என்றும் மரபு கூறும். அப்போர் மீண்டும் நடித்துக் காட்டப்படுகிறது. கொங்கன் விடுத்த ஓலை ஊரார் முன்னிலையில் வாசிக்கப்படும். வெடி முழங்கும், முரசு அதிரும், படைகள் மோதும், முடிவில் கொங்கப் படை பின்வாங்கும். அங்கே தோற்கும் பகைவன் அரக்கனல்லன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழன்! நம்மில் பலரின் பாட்டன் முப்பாட்டன் பிறந்த மண்ணின் அரசன்.

"அதைப் பார்த்து உங்களுக்கு வருத்தமாக இல்லையா அமுச்சி?" என்று பையன் கேட்டான்.

மூதாட்டியார் சிரித்தார். "எனக்கென்ன வருத்தம்? கொங்கனாக நிற்கிறவனும் அந்த ஊர்க்காரன்தான் கண்ணு. இன்றைக்குக் கொங்கனாகத் தோற்று ஓடுவான். நாளைக்குக் காலையில் அதே கோயிலில் விழுந்து கும்பிடுவான். கொங்கன் வராவிட்டால் அம்மனுக்குத் திருவிழா ஏது? தோற்கிறதற்கும் ஒரு ஆண்பிள்ளை வேண்டுமே சாமி!"

எத்தனை எளிய சொல்! எவ்வளவு பெரிய உண்மை! சித்தூரார் கொங்கனைத் தம்முள்ளிருந்தே எடுக்கின்றனர். அயலானைப் பிடித்து வந்து 'நீயே பகைவன்' என்று நிறுத்துவதில்லை. பகைவன் வேடத்தைத் தாமே விரும்பி ஏற்பது கலை. அதனைப் பிறர்மீது வலிந்து சுமத்துவது பழி. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தால் தாயின் அச்சத்துக்கும் மகனின் ஆசைக்கும் இடையே வழி பிறக்கும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது; அதனையும் அங்கே சொன்னேன். தமிழ்த் திரையில் அரை நூற்றாண்டுக் காலம் நம்மை நடுங்கவைத்த வில்லன் யார்? எம்.என். நம்பியார். அவர் பிறந்தது கண்ணூர்ப் பகுதியில். சிறுவனாகவே நவாப் இராஜமாணிக்கம் அவர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து தமிழ் நடிகரானவர். 1965இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அவர் சவுக்கு எடுத்தபோது தமிழகமே பல்லைக் கடித்தது. அதே ஆண்டில் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் கடற்கொள்ளைத் தலைவனாக வாள் சுழற்றினார். அவரோடு பொருத நாயகர் எம்.ஜி.ஆர். அவர்களின் தாய்வழி வீடு எங்குள்ளது? இதோ, நம் சித்தூர் வட்டத்து வடவன்னூரில்! நாயகரின் வேரும் இம்மண்ணில். வில்லனின் வேரும் மலையாள மண்ணில். எனினும் நம்பியாரைக் கண்டு தமிழர் எவரும் மலையாளிகள் கொடியவர் என்று கூறவில்லை. திரைக்கு வெளியே அவர் மாமிசம் உண்ணாதவர், ஆண்டுதோறும் மாலை அணிந்து சபரிமலைக்குச் சென்றவர், பலருக்குக் குருசாமியாக விளங்கியவர் என்பதை அறிந்து, 2008இல் அவர் மறைந்தபோது தம் வீட்டுப் பெரியவர் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினர். வில்லன் வேடத்தால் அவர்க்குப் பழி ஒட்டவில்லை, அன்பே ஒட்டியது.

ஆயின் தாயின் மனக்குறை பொய்யன்று. இனம் காட்டி இழிவு செய்யும் சித்திரத்தை நாம் கண்டிக்கத்தான் வேண்டும். ஒரு பாத்திரம் தமிழ் பேசுவதாலேயே திருடனாக்கப்படுமானால், அது சோம்பேறிக் கற்பனை. அங்கே 'நீ ஏன் இப்படி ஆனாய்?' என்ற கேள்வியே எழுவதில்லை. அதற்கு விடை நம் பிள்ளைகளை வேடம் கட்டாமல் தடுப்பதன்று. காரணமுள்ள பகைவனை, மனமுள்ள பகைவனைப் படைக்கக் கற்றுக்கொடுப்பதே விடை.

பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

இவ்வாறு நாடகமோ குறும்படமோ எடுக்க விழையும் இளைஞர்க்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, சண்டை என்பது இருவர் சேர்ந்து ஆடும் நடனம். அடிப்பவனைவிட அடிபடுபவனுக்கே பயிற்சி மிகுதியாக வேண்டும். முதலில் எண்ணிக்கை சொல்லி மெதுவாக ஆடுங்கள். பழகியபின் விரைவு கூட்டுங்கள். அடி உடலில் பட வேண்டியதில்லை. படக்கருவி நிற்கும் கோணமே அது பட்டதாகக் காட்டிவிடும். மெய்யான கத்தி, அரிவாள், கண்ணாடிப் புட்டி ஆகியவற்றைத் தொடவே தொடாதீர்கள். பாறையிலும் தார்ச்சாலையிலும் விழுந்து காட்ட வேண்டாம். மணலோ வைக்கோலோ பரப்பிய களம் போதும். கண்ணில் வில்லை அணிவதாயின் கண் மருத்துவரைக் கேளாமல் அணியலாகாது. விளையாட்டில் மாய்ந்தவன் மறு ஆட்டத்தில் எழுந்து நிற்பான்; நமக்கு மறு ஆட்டம் இல்லை.

இரண்டாவது, அப்பாத்திரங்கள் நிறுவனத்தின் உடைமை. அன்பினால் ஆடுங்கள், காசாக்க முற்படாதீர்கள். எவருடைய கதை என்பதைத் தொடக்கத்திலேயே மரியாதையுடன் குறிப்பிடுங்கள்.

மூன்றாவது, விளையாட்டிலுள்ள அசைவுகளை மனப்பாடம் செய்தால் மட்டும் வேடம் நிறைவு பெறாது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் அவன் எவ்வாறு மூச்சு விடுகிறான்? எதனைப் பார்க்கிறான்? யாரை நினைக்கிறான்? இதற்கு விடை காண, வசதி கிட்டும்போது ஒருமுறை தோற்பாவைக்கூத்தையும் கதகளியின் திரைநோட்டத்தையும் நேரில் காணுங்கள். இடுக்கியிலுள்ள நேயர்களுக்குக் கோவில்மலை அருகில் உண்டு. அங்கே மன்னான் பழங்குடியினர் கோவலன் கண்ணகி கதையைக் கூத்தாக ஆடி வருகின்றனர். மதுரை மாநகரை எரித்தவளின் கதை மலையேறி அங்கே குடிகொண்டுள்ளது. அதனைக் காணாமல் கைப்பேசியை மட்டும் கண்டு வளர்வது நம் குறையேயன்றி நம் மண்ணின் குறையன்று.

அங்கி தைத்த கதை

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இராவணன் தாயின் கண்ணீர்த்துளியை நான் சொன்னபோது பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு மாமன் மகனோடு தனியே சென்று வெகுநேரம் பேசினான். திரும்பி வந்து, "படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி சேர்க்கப் போகிறோம். சண்டைக்கு முன்னால், வில்லன் சிறுபிள்ளையாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவனைக் கேலி செய்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்வதில்லை" என்றான்.

அம்மையார் அவனையே உற்று நோக்கினார். "உன்னையும் அப்படித்தான் செய்கிறார்களா? ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?" என்றார்.

அவன் மறுமொழி கூறவில்லை. தாய் எழுந்து சென்று அவன் தலையைக் கோதினார். அங்கிருந்தோர் சிறிது நேரம் பேசவில்லை. ஓராண்டாக அவ்வீட்டில் வெளிவராத சொல் ஒன்று, ஒரு வில்லன் வேடத்தின் வழியாக வெளிவந்துவிட்டது. மறுநாளே தந்தையார் பள்ளிக்குச் சென்று ஆசிரியரோடு அமைதியாகப் பேசினார் என்றும், ஆசிரியர் அதனைக் கருத்தோடு கேட்டுக்கொண்டார் என்றும் பின்னர் அறிந்தேன்.

நான் விடைபெற்றபோது தையல் இயந்திரத்தின்மேல் கறுப்புத் துணி விரிந்திருந்தது. "கிழிந்த அங்கி என்கிறான் அண்ணா. புதுத் துணியைத் தைத்துவிட்டு நானே கிழிக்க வேண்டுமாம். இப்படியும் ஒரு கொடுமை உண்டா?" என்று கூறி அம்மையார் நகைத்தார். வெற்றிலை இடித்துக்கொண்டே மூதாட்டியாரும் நகைத்தார்.

அன்புள்ள பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வில்லன் வேடம் கேட்டால் உடனே சினவாதீர்கள். அருகில் அமர்த்தி, 'அவன் ஏன் அப்படி ஆனான்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் கூறும் விடையில் அவ்வேடத்தின் கதையும் இருக்கலாம். அவன் உங்களிடம் சொல்லத் தயங்கிய கதையும் இருக்கலாம்.